புதுப்பிப்பு: ஷஃபில்பாட்டம் கேலிப்பெயர் அல்ல

‘ஷஃபில்பாட்டம்’ என்ற அரிய ஆங்கிலக் குடும்பப்பெயர் கேலிப்பட்டமாகத் தொடங்கியது என்று முன்பு எழுதியிருந்தேன். தவறு, திருத்திக்கொள்கிறேன்.

அது ஓர் இடப்பெயர். வடமேற்கு இங்கிலாந்தின் பழைய லங்காஷயர் மாவட்டத்தில், பெரி (Bury) நகரை ஒட்டிய ஷிப்போபாட்டம் என்ற சிற்றிடத்திலிருந்து வந்தது. முற்பகுதி ஆட்டைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது. ‘பாட்டம்’ என்பது இங்கே பிட்டம் அல்ல, பள்ளத்தாக்கின் அடிநிலம். ஆடுகளோடு தொடர்புடைய ஒரு பள்ளத்தாக்கு! இந்தப் பெயரையா கேலி என்றேன்? அருகிலேயே இதே ‘பாட்டம்’ கொண்ட ராம்ஸ்பாட்டம் என்ற ஊரும் இருக்கிறது.

காதில் விழுந்தபடி எழுதியதால் ஷிப்பர்பாட்டம், ஷஃபில்பாத்தம் என்றும் பெயர் கிளைத்தது. இன்றும் இப்பெயர்க்காரர்கள் வடமேற்கு இங்கிலாந்தில்தான் அதிகம். தெற்கே ஸ்டாஃபர்ட்ஷயரிலும் இருக்கிறார்கள்.