கெப்பல் கிளப் நிலத்தில் வீடு: யாருக்கு லாபம்?

பசுமைராஜ்: "கோல்ஃப் மைதானம் போனால் சிங்கப்பூருக்கு ஒரு நஷ்டமும் இல்லை" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார், படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. கெப்பல் கிளப் என்ற அந்த கோல்ஃப் மன்றம் இருந்தது சுமார் 44 ஹெக்டேர். பக்கத்தில் பெர்லாயர் ஓடை, அலையாத்தி மரங்கள், அப்புறம் லாப்ரடார் இயற்கைக் காப்பகம். அங்கே போய் 9,000 வீடுகளா?

பிளாங்கா மணி: எழுதியது நான்தான், பெயர் சொல்லியே கேளுங்கள். அந்த வட்டாரத்தில் வளர்ந்தவன் நான். உறுப்பினர் அட்டை இல்லாமல் யார் உள்ளே போனது? குத்தகை 2021 கடைசியில் முடிந்தது, நிலம் திரும்ப வந்தது. 9,000ல் 6,000 வீவக வீடுகள், அதாவது அரசாங்கம் கட்டி விற்கும் வீடுகள்.

பசுமைராஜ்: பறவைகள் உள்ளே போயின. மனிதன் போகாத இடம் வீண் இடமா?

பிளாங்கா மணி: கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். யார் உள்ளே போனது? சுமார் 10 ஹெக்டேரைப் பூங்காவுக்கும் திறந்தவெளிக்கும் ஒதுக்குகிறார்கள். அந்தப் பத்தில் என் அம்மா நடக்கலாம், முன்னே இருந்த 44ல் ஓர் அடி வைக்க முடியவில்லை.

ஈசூன் செல்வி: மணி அண்ணே, வீவக என்று பெருமைப்படுகிறீர்கள். 2025 அக்டோபரில் அங்கே வந்த முதல் பிடிஓ, அதாவது கட்டும் முன்பே விண்ணப்பிக்கும் வீவக வீடுகள், நல்ல இடங்களுக்கான பிரைம் வகை. பத்து வருஷம் குடியிருந்த பிறகுதான் விற்கலாம், விற்கும்போது மானியத்தில் ஒரு பங்கு திரும்பப் போய்விடும். மீதி 3,000 தனியார் வீடுகள். எங்களைப் போன்றவர்களுக்கு அதில் என்ன இருக்கிறது?

பிளாங்கா மணி: குடியிருக்க வாங்குகிறவனுக்குப் பத்து வருஷம் ஒரு பாரமா? விற்று லாபம் பார்க்க நினைக்கிறவர்கள்தான் அதைக் குறை சொல்வார்கள்.

ஈசூன் செல்வி: என்னைப் பற்றி என்ன தெரியும் உங்களுக்கு? வார்த்தையை அளந்து பேசுங்கள்.

பதினெட்டுக்குழி: யார் உள்ளே போனது, யார் உள்ளே போனது என்று எத்தனை தடவை கேட்பீர்கள்? மரினா பே மைதானத்தில் உறுப்பினராகாமலே காசு கட்டி யாரும் ஆட முடிந்தது. அதையும் 2024ல் மூடினார்கள். ஜூரோங் கோல்ஃப் கிளப்பைக் கோலாலம்பூர் அதிவேக ரயிலுக்கென்று எடுத்தார்கள், 2021 பிறந்தபோது அந்தத் திட்டமே ரத்து. அதற்கு யார் பதில் சொல்வது?

பிளாங்கா மணி: பேச்சு கெப்பலைப் பற்றி, ஜூரோங்கை இழுக்காதீர்கள். டோவர் காட்டை அழித்து வீடு கட்டலாமா என்ற விவாதத்திலும் இந்த ஆட்கள்தான் வீடே வேண்டாம் என்று கத்தினார்கள், எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

பசுமைராஜ்: கத்தியதால்தான் டோவரின் மேற்குப் பாதி இப்போதைக்குத் தப்பித்தது. நீங்கள் அன்றைக்கு என்னை என்னவென்று திட்டினீர்கள் என்பதையும் நான் மறக்கவில்லை, மணி.