மனைவி கைப்பையில் பெப்பர் ஸ்ப்ரே, போலீஸ் கூப்பிட்டிருக்காங்க. அவசரம், தெரிஞ்சவங்க சொல்லுங்க

புதுசா வந்தவன்:
வணக்கம். லண்டன் வந்து ரெண்டு மாசம்தான் ஆகுது. நேத்து சாயங்காலம் ஒரு நிகழ்ச்சிக்குப் போனோம். வாசல்ல பையைத் திறந்து பார்த்தாங்க. என் மனைவி சாவிக்கொத்துல மாட்டியிருந்த குட்டி பெப்பர் ஸ்ப்ரேயைப் பார்த்ததும் செக்யூரிட்டி போலீஸைக் கூப்பிட்டுட்டார். போலீஸ் அதை ஒரு பிளாஸ்டிக் உறையில போட்டு ஒட்டி, மேலே ஏதோ எழுதிக்கிட்டு, பெயர் முகவரி வாங்கிட்டுப் போனாங்க. வியாழக்கிழமை ஸ்டேஷனுக்கு வரணுமாம். ஊர்ல காலேஜ் போறப்போ அவங்க அப்பா வாங்கிக் கொடுத்தது அது. நெட்ல தேடினா 'துப்பாக்கிச் சட்டம், அஞ்சு வருஷம் ஜெயில்'னு வருது. ராத்திரி பூரா அழுறா. ஜெயில் உண்டா?

ஹாரோ அண்ணன்:
தம்பி, இதெல்லாம் பிளேன் ஏற முன்னமே விசாரிச்சிருக்க வேணும். நான் வந்த புதுசில இரவு வேலை முடிய பஸ்ஸும் இருக்காது. குளிருக்குள்ள தனிய நடந்துதான் வீட்டுக்கு வாறது. பின்னால ஆரும் வந்தால் நெஞ்சு படபடக்கும். எண்டாலும் கையில ஒண்டும் வச்சிருந்ததில்லை. இருட்டின பிறகு அந்தப் பிள்ளையைத் தனிய விடாதேங்கோ.

நெல்லை டு லெஸ்டர்:
பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது. என் ரூம்மேட்டுக்கும் இப்படித்தான் ஆச்சு, எச்சரிச்சு அனுப்பிட்டாங்க. 'தப்புன்னு தெரியாது சார்'னு சொன்னா போதும். வக்கீலோட போனாத்தான் சந்தேகமே வரும்.

கிளாஸ்கோ மீனா:
வக்கீல் வேண்டாம்னு தயவுசெஞ்சு யாருக்கும் சொல்லாதீங்க. தெரியாதுங்கிறது இந்தச் சட்டத்துல எடுபடாது. கையில இருந்த ஷாக் கருவியை டார்ச்னு நம்பினோம்னு ரெண்டு பேர் சொன்ன வழக்குல, அதை எதிர்வாதமா ஏத்துக்க முடியாதுன்னு 2007-ல மேல்முறையீட்டு நீதிமன்றமே சொல்லிடுச்சு. இங்க ஸ்காட்லாந்துல இன்னும் கெடுபிடி. 2016 டிசம்பர் 31-லேர்ந்து ஏர் கன் வச்சிருக்கவே லைசன்ஸ் வேணும். 1996-ல டன்பிளேன் பள்ளிக்கூடத்துல 16 குழந்தைங்களையும் ஒரு டீச்சரையும் சுட்டுக் கொன்னதை இங்க யாரும் மறக்கல.

ஹாரோ அண்ணன்:
அவர் ஏர் கன் பற்றிக் கேக்கேல்லை, தங்கச்சி.

கோவைக்காரன்:
பணத்தைக் கறக்கிற ஏஜென்ட் ஒருத்தராவது இதைச் சொல்றாங்களா? குக்கர் எடுத்துக்கோ, போர்வை எடுத்துக்கோன்னு பட்டியல் மட்டும் நீளமா கொடுக்கிறாங்க.

நெல்லை டு லெஸ்டர்:
ஏஜென்டை விடுங்க. விசாவுக்காக ஹெல்த் சர்சார்ஜ்னு வருஷத்துக்கு 1,035 பவுண்டு கட்டிட்டு, டாக்டரைப் பார்க்க எத்தனை நாள் காத்துக் கிடக்கோம்!

ஈஸ்ட்ஹாம் கவிதா:
அந்தப் பொண்ணு வியாழக்கிழமை போகணும், அதைப் பார்ப்போம். போலீஸ் ஸ்டேஷன்களுக்கு மொழிபெயர்ப்பாளரா போறவ நான்.

1968 துப்பாக்கிச் சட்டத்தோட 5-வது பிரிவுல, எரிச்சலூட்டுற திரவத்தைப் பீய்ச்சுற எந்தக் கருவியும் தடை செய்யப்பட்ட ஆயுதம். அதிகபட்சம் 10 வருஷம். நீங்க படிச்ச அஞ்சு வருஷம், கைத்துப்பாக்கி மாதிரியான ஆயுதங்களுக்கும், வேற பொருள் மாதிரி மறைச்சு செஞ்ச ஷாக் கருவி போன்றதுக்கும் உள்ள குறைந்தபட்ச தண்டனை. சாதாரண பெப்பர் ஸ்ப்ரேவுக்கு அந்தக் குறைந்தபட்சம் கிடையாது. இதை முதல்ல அவங்ககிட்ட சொல்லுங்க, கொஞ்சம் தூங்கட்டும்.

கைது பண்ணினாங்களா, இல்ல வாலண்டரி இன்டர்வியூவா (கைது பண்ணாம வரச்சொல்லி விசாரிக்கிறது)? என்ன விசா? நீங்க சொல்லவே இல்ல. எதுவா இருந்தாலும் ஸ்டேஷன்ல சொலிசிட்டர், அதாவது வக்கீல், இலவசம், சம்பளமும் விசாவும் கேட்க மாட்டாங்க. இன்னைக்கே ஸ்டேஷனுக்குப் போன் பண்ணி, சொலிசிட்டரும் தமிழ் மொழிபெயர்ப்பாளரும் வேணும்னு மட்டும் சொல்லுங்க. நடந்ததை விளக்க ஆரம்பிக்காதீங்க.

'காஷன்', அதாவது போலீஸ் முறைப்படி கொடுக்கிற எச்சரிக்கை, வாங்கிக்கிட்டா முடிஞ்சிடும்னு போலீஸ் சொல்லலாம். குத்தத்தை ஒத்துக்கிட்டாத்தான் காஷன். அது குற்றப் பதிவுல ஏறும், விசா விண்ணப்பத்துலயும் கேட்பாங்க. சொலிசிட்டர் பார்க்காம கையெழுத்து கூடாது.

பாதுகாப்புக்குப் பெரிய சத்தம் போடுற பெர்சனல் அலாரம் வாங்கிக் கொடுங்க, அது சட்டப்படி சரி. ஆபத்துல பேச முடியாத நிலைமைன்னா, மொபைல்ல 999 அடிச்சு, கேட்கும்போது 55 அழுத்தணும்.

புதுசா வந்தவன்:
ரொம்ப நன்றிக்கா. கைது இல்ல, வாலண்டரி இன்டர்வியூதான். டிபெண்டன்ட் விசா. அவளுக்கு முதியோர் இல்லத்துல வேலை கிடைச்சு, டிபிஎஸ் சோதனைக்கு, அதாவது குற்றப் பதிவு இருக்கான்னு பார்க்கிறதுக்கு, போட்டிருக்காங்க. இன்னொரு விஷயம், இதே மாதிரி இன்னொரு பாட்டில் பெட்டியில இருக்கு. குப்பையில போட்டுடட்டுமா?

ஈஸ்ட்ஹாம் கவிதா:
போடாதீங்க தம்பி. வெளியே எடுத்துட்டுப் போறதும் கூடாது. இருக்கிற இடத்துலயே இருக்கட்டும். சொலிசிட்டர்கிட்ட முதல்ல சொல்ல வேண்டியது இதைத்தான், அடுத்தது டிபிஎஸ். நீங்க சொல்றது அவரைத் தாண்டிப் போகாது. எப்படி ஒப்படைக்கிறதுன்னு அவர் சொல்வார். இங்க இனி எதுவும் எழுதாதீங்க, இப்பவே போன் பண்ணுங்க.