சென்னையிலிருந்து பெங்களூர் வரை முழு வழியும் காரில்: வழி தெரிந்தவர்களிடம் ஒரு கேள்வி

கேட்டவர்: குடியாத்தம் வாசி

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் குடியாத்தத்தில் வசிக்கிறோம். அண்ணன் குடும்பம் சென்னையிலும் தங்கை குடும்பம் பெங்களூரிலும் இருக்கின்றன. பண்டிகைக்கு எல்லோரும் கூடினால், எந்த ஊர் உயர்ந்தது என்ற வாக்குவாதம் தண்ணீரில் தொடங்கி, வெயில், போக்குவரத்து நெரிசல், காபி என்று வளர்ந்து, கடைசியில் சேப்பாக்கத்துக்கும் சின்னசாமி மைதானத்துக்கும் போய் நிற்கும். அப்பா எந்தப் பக்கமும் பேசமாட்டார்.

எழுபது வயதைத் தாண்டிய அவர் இப்போது ஓர் ஆசையைச் சொல்லியிருக்கிறார். நம் பக்கத்து மக்கள் வேலைக்கும் வைத்தியத்துக்கும் இரண்டு நகரங்களுக்கும் போய்வருகிறோமே தவிர, எப்போதும் பாதி வழியில் ஏறிப் பாதி வழியில் இறங்குகிறவர்களாகவே இருந்துவிட்டோம். ஒரு நகரத்தில் புறப்பட்டு மற்றதில் போய் இறங்கும் முழுப் பயணத்தை ஒருமுறையாவது செய்து பார்க்க வேண்டும் என்கிறார். எந்த வழியாகப் போகலாம், எங்கே நிறுத்தலாம், காவிரிப் பேச்சு சூடாக இருக்கும் காலத்தில் டிஎன் 23 எண்ணுள்ள வண்டிக்கு இடையூறு வருமா என்பதைத் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி: சத்துவாச்சாரி, ஓய்வுபெற்ற ஓட்டுநர்

தம்பி, உங்கள் அப்பா சொல்வது முற்றிலும் சரி. கிருஷ்ணகிரி வழியாகவே போங்கள். ஏறத்தாழ 350 கிலோமீட்டர். சித்தூர், கோலார் வழி தூரத்தில் சற்றுக் குறைவு என்றாலும், அவர் பார்க்க விரும்புவது நம் சாலையை. அதிகாலை 5 மணிக்கே பூந்தமல்லியைத் தாண்டிவிடுங்கள். ஸ்ரீபெரும்புதூருக்கும் வாலாஜாபேட்டைக்கும் இடையே விரிவாக்கப் பணி ஆண்டுக்கணக்கில் இழுத்தடிப்பதால், அந்தப் பகுதியை விடிவதற்குள் கடப்பது நல்லது.

வேலூரில் கிரீன் சர்க்கிளைத் தாண்டி, பள்ளிகொண்டா சுங்கச்சாவடியையும் கடந்தபின், இடப்புறம் ஜவ்வாது மலைத்தொடரும் வலப்புறம் பாலாறும் கூடவே வரும். ஆற்றில் பெரும்பாலும் மணல்தான் தெரியும். கர்நாடகத்தில் பிறந்து, ஆந்திரத்தைக் கடந்து, வாணியம்பாடிப் பக்கம் நம்மிடம் வந்து சேருகிற ஆறு அது. தண்ணீர்ச் சண்டை என்றால் எல்லோரும் காவிரியைச் சொல்கிறார்கள். நம் வீட்டு வாசலில் காய்ந்து கிடக்கிற இந்த ஆற்றைப் பற்றி அந்த இரண்டு நகரங்களிலும் யார் பேசுகிறார்கள்?

வாணியம்பாடிக்குப் பிறகு சாலை கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். கடல் மட்டத்தில் புறப்பட்டவர்கள் 900 மீட்டருக்கு மேல் போய் நிற்கப் போகிறீர்கள். கிருஷ்ணகிரியைத் தாண்டி மேலுமலை ஏற்றத்தில் ஏசியை நிறுத்திவிட்டுக் கண்ணாடியை இறக்குங்கள். காற்று மாறுவதை அவர் முகத்திலேயே உணர்வார். திரும்பி வரும்போது அதே இடத்தில் கியரைக் குறைத்தே இறங்க வேண்டும், பிரேக்கை மட்டும் நம்பக்கூடாது. பாரம் ஏற்றிய லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டும் போகாதீர்கள்.

மறுமொழி: ஆம்பூர்க்காரர்

ஐயா சொன்ன வழி சரி, நேரம்தான் எனக்கு ஒப்பவில்லை. 5 மணிக்குப் பூந்தமல்லியைத் தாண்டினால் காலைச் சிற்றுண்டி நேரத்திலேயே ஆம்பூருக்கு வந்துவிடுவீர்கள். அப்போது விறகடுப்பில் இறைச்சி வெந்துகொண்டிருக்கும். சீரகச் சம்பா அரிசி அண்டாவுக்குள் போயிருக்காது. மூடியின் மேல் தணலைக் கொட்டித் தம் போட்டு, முதல் அண்டா திறக்கும் நேரத்தில் அங்கே இருக்க வேண்டும். மூடியை எடுத்ததும் எழும் ஆவி தணிவதற்குள், கரண்டியை ஓரமாக விட்டு அடியிலிருந்து புரட்டாமல் எடுப்பார்கள். ஒரு பருக்கைகூட உடையாது. கத்தரிக்காயும் தயிர் வெங்காயமும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆகவே நிதானமாகப் புறப்பட்டு, ஆற்காட்டில் மக்கன் பேடா வாங்கிக்கொண்டு, வேலூரில் சற்றுத் தங்கி, மதியத்துக்கு இங்கே வாருங்கள். நெடுஞ்சாலை ஓரத்திலேயே சாப்பிட்டுவிடாமல் ஊருக்குள் வர வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

மறுமொழி: இராணிப்பேட்டை ஆசிரியை

வேலூரில் தங்குவதென்றால் கோட்டைக்கு அவசியம் போங்கள். இந்த இரண்டு நகரங்களின் போட்டியைக் கிரிக்கெட்டிலிருந்து தொடங்குகிறவர்கள், மைசூரும் மதராசும் மோதிய காலத்தில் அந்தப் படைகள் நடந்த நிலம் இதுதான் என்பதை மறந்துவிடுகிறார்கள். ஹைதர் அலி 1769இல் மதராசின் வாசல்வரை வந்து உடன்படிக்கை செய்துகொண்டார். 1780இல் காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் ஆங்கிலப் படை தோற்றது. 1799இல் திப்பு வீழ்ந்தபின் அவருடைய பிள்ளைகளைக் கொண்டுவந்து வைத்தது வேலூர்க் கோட்டையில். 1806 ஜூலை 10ஆம் நாள் சிப்பாய்கள் ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்ததும் அங்கேதான். உங்கள் தந்தையாருக்கு இவை தெரிந்திருக்கும். பேரப்பிள்ளைகள் உடன் வந்தால் அவர்களுக்கு அவரே சொல்லட்டும்.

புதிய விரைவுச்சாலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீபெரும்புதூருக்கும் ஹொஸ்கோட்டேவுக்கும் இடையே ஏறத்தாழ 260 கிலோமீட்டர் நீளத்தில் திட்டமிடப்பட்ட அந்தச் சாலை, சித்தூர், பலமநேர் பக்கமாகப் போகிறது. அது முழுமையாகப் பயன்பாட்டுக்கு வந்தால், இரு நகரத்தாரும் வேலூரையும் ஆம்பூரையும் காணாமலே ஒருவர் ஊருக்கு ஒருவர் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. இந்தப் பயணத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

மறுமொழி: ஓசூரில் பணிபுரியும் வேலூர்க்காரன்

பதிவெண் பற்றிய கேள்விக்கு விடை தருகிறேன். சாதாரண நாள்களில் எந்த இடையூறும் இல்லை. அத்திப்பள்ளியைத் தாண்டி நாள்தோறும் போய்வரும் தமிழகப் பதிவெண் வண்டிகளுக்குக் கணக்கே கிடையாது. ஆனால் 2016 செப்டம்பரில் பெங்களூரில் பேருந்துகள் எரிக்கப்பட்டதும், ஓசூரோடு பேருந்துகள் நிறுத்தப்பட்டு, கைக்குழந்தையும் மூட்டையுமாக மக்கள் ஜூஜூவாடிக்கும் அத்திப்பள்ளிக்கும் இடையே நடந்தே எல்லையைக் கடந்ததும் உண்மை. சென்னையிலும் அப்போது கர்நாடகத்தவரின் உணவகம் தாக்கப்பட்டது. எனவே முழு அடைப்பு அறிவிக்கப்பட்ட நாளை மட்டும் தவிர்த்துவிடுங்கள். சொந்தக் கார் என்றால் தனி அனுமதி எதுவும் வேண்டாம். வாடகை வண்டி என்றால் கர்நாடக நுழைவு வரி கட்டிய ரசீது ஓட்டுநரிடம் இருக்கிறதா என்று புறப்படும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். மாலை 5 மணிக்கு மேல் எலக்ட்ரானிக் சிட்டியை நெருங்கினால் கடைசி இருபது கிலோமீட்டரே முந்தைய நூற்றைம்பதை விட அலுப்பாகிவிடும்.

குடியாத்தம் வாசி

அனைவருக்கும் நன்றி. அப்பாவிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். கோட்டைக்கும் ஆம்பூருக்கும் உடனே சம்மதித்தார். பள்ளிகொண்டாவில் வீட்டுக்குத் திரும்பும் பிரிவு வரும்போது, அம்மாவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றுகூட யாரும் சொல்லக்கூடாது, அம்மாவும் சென்னையிலிருந்தே நம்மோடு வர வேண்டும் என்கிறார். முந்தின நாளே இருவரையும் காட்பாடியிலிருந்து ரயிலில் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி இருப்பதால், கோட்டைக்குள் எதுவரை காரில் போகலாம் என்பதை மட்டும் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.