இங்கிலாந்தில் 7ஆம் ஆண்டு (இடைநிலைப் பள்ளியின் முதல் வகுப்பு) இடம்: மேல்முறையீடு

கேள்வி:
மார்ச் 1 அன்று மகளுக்கு மூன்றாவது விருப்பப் பள்ளிதான் கிடைத்தது. முதல் பள்ளிக்கு மேல்முறையீடு செய்யப்போகிறோம். அதுவரை இந்த இடத்தை ஏற்காமல் வைத்திருக்கலாமா?

பதில் 1:
வேண்டாம், ஏற்றுக்கொள்ளுங்கள். ஏற்பதால் மேல்முறையீடு பலவீனமாகாது. மறுத்தால் கையில் பள்ளியே இல்லாமல் போகலாம். முதல் பள்ளியின் காத்திருப்புப் பட்டியலிலும் பெயர் இருக்கட்டும், அது தனி வழி. மேல்முறையீட்டுக்குக் குறைந்தது 20 பள்ளி நாள்கள் அவகாசம் உண்டு.

பதில் 2:
மேல்முறையீட்டை விசாரிக்கும் சுயாதீனக் குழு முதலில் சேர்க்கை விதிகள் சரியாகப் பின்பற்றப்பட்டனவா என்று பார்க்கும். வீட்டுத் தூரத்தைத் தவறாக அளந்திருந்தால் இந்தக் கட்டத்தில் குழுவிடம் சொல்லுங்கள். பிழை இல்லையென்றால், கூடுதலாக ஒரு பிள்ளையைச் சேர்ப்பதால் பள்ளிக்கு வரும் சிரமத்தையும் உங்கள் மகளுக்கு வரும் பாதிப்பையும் எடை போடுவார்கள். பலர் சறுக்குவது இங்கேதான்: கிடைத்த பள்ளியைக் குறை சொல்லியே பக்கங்களை நிரப்புகிறார்கள். கேட்கும் பள்ளி ஏன் அவளுக்குத் தேவை என்று எழுதுங்கள். அங்கே மட்டும் உள்ள பாடம், மருத்துவர் கடிதம் போன்ற ஆதாரம் வேண்டும்.

பதில் 3:
வகுப்புக்கு 30 பேர் என்ற சட்ட வரம்பு சின்னப் பிள்ளைகளின் வகுப்புகளுக்கே. இடைநிலைப் பள்ளிக்கு இல்லை. முந்தைய ஆண்டுகளில் அறிவித்த எண்ணிக்கைக்கு மேல் சேர்த்தார்களா என்று பள்ளியிடம் எழுத்தில் கேளுங்கள். சேர்த்திருந்தால் ‘இடமில்லை’ என்ற வாதம் தளரும்.