அப்பாவின் கேபிள் ஸ்வெட்டர்: ஆறு கண்ணியை மட்டும் அவிழ்த்த அனுபவம்

கேபிளில், அதாவது கண்ணிகளை இடம் மாற்றிப் பின்னுகிற கயிறு முறுக்கு டிசைனில், ஒரு தப்பு வந்தால் மொத்தத்தையும் பிரித்தாக வேண்டும் என்று நினைத்து, பாதி ஸ்வெட்டரை மூட்டை கட்டி வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் நான்கு மாதம் அப்படித்தான் வைத்திருந்தேன்.

அப்பாவுக்குக் குளிர் தாங்காது. மஃப்ளர், தொப்பி, சாக்ஸ் எல்லாம் நிறையப் பின்னியிருக்கிறேன். கேபிள் பக்கம் மட்டும் போனதில்லை. அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் இருக்கிற ஆரன் தீவுகளின் ஸ்வெட்டர் படம் ஒன்றைப் பார்த்ததிலிருந்து ஆசை பிடித்துக்கொண்டது. நெஞ்சு முழுக்கக் கயிறு கயிறாக முறுக்கு. குடும்பத்துக்கு ஒரு டிசைன் உண்டு, கடலில் இறந்தவரை அதை வைத்துத்தான் அடையாளம் காண்பார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். அதற்கு வரலாற்று ஆதாரம் இல்லை. அந்தக் கனத்த கேபிள் ஸ்வெட்டர்கள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவானவைதான். கதை பொய்யென்று தெரிந்த பிறகும் அந்த முறுக்கின் அழகு எனக்குக் குறையவில்லை.

முதல் அடி அளவில் விழுந்தது. 4.5 மி.மீ. ஊசியில் சாதாரணப் பின்னலில் மாதிரி போட்டுப் பார்த்தேன், 10 செ.மீ.க்கு 20 கண்ணி (ஊசியில் நிற்கும் நூல் வளையம்) வந்தது. முதுகுக்கு 55 செ.மீ. வேண்டும், அதனால் 110 கண்ணி. ஒரு சாண் பின்னி விரித்துப் பார்த்தால் 46 செ.மீ.தான்! கேபிள் போடும்போது கண்ணிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன, துணி உள்ளே இழுத்துக்கொள்கிறது. மாதிரியைக் கேபிளிலேயே போட்டு, நனைத்து, காயவைத்து அளந்திருக்க வேண்டும். அப்படி அளந்தபோது 24 கண்ணி வந்தது. பிரித்துவிட்டு 132 கண்ணியில் மறுபடி தொடங்கினேன். "என்னம்மா, திரும்பவும் முதலிலிருந்தா?" என்றார் அப்பா.

முதுகு ஒழுங்காக முடிந்தது. சோதனை முன்பக்கத்தில் வந்தது.

கேபிள் போடுவது உண்மையில் எளிது. ஆறு கண்ணியில் முதல் மூன்றைத் துணை ஊசிக்கு மாற்றி முன்னால் தொங்கவிட்டு, அடுத்த மூன்றைப் பின்னிவிட்டு, பிறகு தொங்குகிற மூன்றைப் பின்னினால் முறுக்கு இடப்பக்கம் சாயும். துணை ஊசியைப் பின்னால் விட்டால் வலப்பக்கம் சாயும். என் டிசைனில் 7-ஆவது வரிசையில் தொடங்கி ஆறு வரிசைக்கு ஒரு முறுக்கு. 53-ஆவது வரிசையை முடித்து, சற்றுத் தள்ளி வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: இடப்பக்கக் கயிற்றில் ஐந்தாவது முறுக்கு, அதாவது 31-ஆவது வரிசையில், எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கிறது. ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் அது மட்டும்தான் தெரியும்.

31-லிருந்து 53 வரை 23 வரிசை. மொத்தமாகப் பிரித்தால் மூவாயிரம் கண்ணிக்கு மேல். மனசு விட்டுப்போய் மூட்டை கட்டியது அன்றுதான். பின்னலில் பழுத்த தோழி ஒருத்தி கேட்டாள்: "தப்பு எத்தனை கண்ணியில இருக்கு? ஆறுதானே? அந்த ஆறை மட்டும் அவிழ்."

நல்ல பகல் வெளிச்சத்தில் மேஜைமேல் விரித்து உட்கார்ந்தேன். மற்ற கண்ணிகளை இரண்டு பக்கமும் ஊசியிலேயே பத்திரமாக விட்டுவிட்டு, அந்த ஆறை மட்டும் கழற்றினேன். பருத்தியாக இருந்தால் சரசரவென்று ஓடியிருக்கும். கம்பளி இழையில் நுண்ணிய செதில்கள் உண்டு, ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். ஒவ்வொரு வரிசையையும் நானாக இழுத்துத்தான் விட வேண்டியிருந்தது. முறுக்கு வந்த இடங்களில் கொஞ்சம் சிக்கும், அங்கே அவசரப்படக் கூடாது. கீழே போகப் போக, அவிழ்ந்த நூல் ஏணிப்படி மாதிரி 23 படியாகத் தொங்கியது. வயிற்றைக் கலக்கிய காட்சி அது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

31-ஆவது வரிசைக்குக் கீழே இருந்த ஆறு கண்ணியை இருமுனை ஊசியில் ஏந்தி, முறுக்கைச் சரியான பக்கம் போட்டேன். பிறகு ஒரு படி, ஒரு வரிசை. ஒவ்வொரு முறையும் கண்ணிகளை ஊசியின் வலது நுனிக்குத் தள்ளி, அந்தந்தப் படியின் நூலாலேயே முன்பக்கத்திலிருந்து நிட் (நேர்ப் பின்னல்) போட வேண்டும். படி மாறினால் போச்சு. 37, 43, 49-இல் மறுபடியும் முறுக்கு. 138 கண்ணி, இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட.

முடித்தபோது சில கண்ணி தொளதொளவென்றும் சில இறுகியும் இருந்தன. ஓரத்துக் கண்ணியிலிருந்து ஊசி முனையால் மெல்ல மெல்ல நூலைப் பகிர்ந்துவிட்டேன். மீதியைத் தண்ணீர் பார்த்துக்கொண்டது. கைகளையும் பின்னிச் சேர்த்த பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, பிழியாமல், துண்டில் சுருட்டி அழுத்தி, தரையில் அளவுக்கு விரித்துக் காயவைத்தேன். கொடியில் மட்டும் போட்டுவிடாதீர்கள், ஈரக் கம்பளி தன் கனத்திலேயே நீண்டுவிடும்.

போட்டுக்கொண்ட அப்பாவிடம் எந்த முறுக்கு என்று கண்டுபிடிக்கச் சொன்னேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கீழிருந்து ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தார். ஐந்தாவதையும் தாண்டிப் போய்விட்டார்.