புதுப்பிப்பு: மாமாவின் தோள்வலி

கல்லடியில் வீச்சுவலை எறியும் என் மாமாவுக்கு வலத்தோளில் வலி, இரவில் தூக்கமில்லை, எண்ணெய் தேய்த்தும் கேட்கவில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். பலர் ‘உறைந்த தோள்’ (தோள்மூட்டு இறுகிப்போவது) என்றீர்கள். சீனி வருத்தம் (நீரிழிவு) உள்ளவர்களுக்கு அது கூடுதலாக வரும், மாமாவுக்கும் சீனி இருக்கிறது. எனக்கும் அந்தச் சந்தேகம்தான்.

அது இல்லையாம். பிசியோதெரபி செய்பவர் முதலில் மாமாவையே கையைத் தூக்கச் சொன்னார். மாமா பாதியில் முகம் சுளித்து நிறுத்திவிட்டார். பிறகு பிசியோதெரபி செய்பவரே பிடித்து மெல்ல உயர்த்த, கை காது வரைக்கும் போனது. உறைந்த தோள் என்றால் மற்றவர் தூக்கினாலும் அவ்வளவு தூரம் போகாது. இது தோளைச் சுற்றியுள்ள தசைநாணில் (தசையை எலும்போடு இணைக்கும் நாரில்) வந்த கோளாறு. கையைத் தலைக்கு மேல் திரும்பத் திரும்ப வீசுகிறவர்களுக்கு வருவதுதான்.

வலையை இப்போதைக்கு மருமகன் எறிகிறார், மாமா தோணியில் இருந்து குறை சொல்கிறார்.

வீட்டில் இடக்கையால் மேசையைப் பிடித்துக் குனிந்து, வலக்கையைத் தொங்கவிட்டுச் சின்ன வட்டமாக ஆட்டுகிறார். அப்புறம் சுவரில் விரல்களால் ஏறுவது; எட்டிய இடத்தில் பேத்தி சோக்கால் கோடு போடுகிறாள் (மாமி சுவரைப் பார்த்துப் புலம்புவது வேறு கதை). வலப்பக்கம் சரிந்து படுப்பதில்லை, கைக்கு அடியில் ஒரு தலையணை. தூக்கம் பரவாயில்லை. வலி முழுதாகப் போக மாதக்கணக்கில் ஆகுமாம். கை திடீரென்று பலமிழந்தால் மட்டும் உடனே வரும்படி பிசியோதெரபி செய்பவர் சொல்லியிருக்கிறார்.