மொராக்கோகாரர்களோடு வியாபாரம் பேசியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். உர நிறுவனம் ஒன்றில் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன், பாஸ்பாரிக் அமிலம் வாங்குவது பற்றிப் பேச அடுத்த மாதம் காசாபிளாங்கா அனுப்புகிறார்கள். அந்த அமிலத்துக்கு மூலப்பொருளான பாஸ்பேட்டின் உலக இருப்பில் பெரும்பகுதி மொராக்கோவில்தான் இருக்கிறது, அதனால் பேரத்தில் அவர்கள் கைதான் ஓங்கியிருக்கும், பழக்கவழக்கத்திலாவது சொதப்பாமல் இருக்கப் பார்க்கிறேன்.

எடுத்த எடுப்பில் விலைக்குப் போகாமல் உடல்நலம், குடும்பம் எல்லாம் விசாரிக்க வேண்டும், புதினா டீ கொடுத்தால் மறுக்கக் கூடாது, பெண் அதிகாரியாக இருந்தால் அவர் கை நீட்டினால்தான் நாம் குலுக்கலாம், வெள்ளிக்கிழமை மதியம் தொழுகையும் கூஸ்கூஸ் (ரவை போன்ற கோதுமை உணவு) சாப்பாடும் என்பதால் கூட்டம் வைக்கக் கூடாது. இதெல்லாம் சரி, நம்ம ஊருக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

என் சந்தேகமே வேறு. அங்கே வியாபாரம் பெரும்பாலும் பிரெஞ்சில்தான் நடக்கிறதாம், எனக்கு அது சுத்தமாக வராது. ஆங்கிலத்திலேயே சமாளிக்கலாமா, இல்லை மொழிபெயர்ப்பாளரை வைத்தே ஆக வேண்டுமா? முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்ல மாட்டார்கள் என்கிறார்கள், அப்படியானால் கப்பல் தேதியை உறுதியாக வாங்குவது எப்படி, மேலதிகாரி முன்னால் திரும்பத் திரும்பக் கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வார்களா?

அப்புறம் நான் சைவம். வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டு எல்லோருக்கும் பொதுவாக நடுவில் தாஜின் என்கிற மண்சட்டி ஆட்டுக்கறிக் குழம்பை வைத்தால் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது? முன்கூட்டியே சொல்லிவிடலாமா? கையில் என்ன கொண்டுபோகலாம் என்றும் சொல்லுங்கள், இனிப்புதான் யோசித்து வைத்திருக்கிறேன். நேரில் போய்வந்தவர்கள் சொன்னால் ரொம்ப உதவியாக இருக்கும்.